ஏழாம் நிறுத்தம்

மாடி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருபத்தொரு விமானங்கள் இருந்தன. பெரியது முழங்கை நீளம் இருக்கும். சிறியது உள்ளங்கையில் அடங்கிவிடும். எல்லாம் அந்த வீட்டு மகள் செய்தவை. பிளாஸ்டிக் துண்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து, பிளேடால் சீவி, ஒட்டி, நாலு முடி மட்டும் வைத்த தூரிகையால் வண்ணம் தீட்டுவாள். ஒன்று முடிய மூன்று மாதம் ஆகும். ஆள் நெட்டை. தெருவில் அவளைக் கொக்கு என்பார்கள். அவளே கதவைத் தட்டும்போது "கொக்கு வந்திருக்கேன்" என்றுதான் சொல்வாள்.

அவள் போய் ஒரு வருடம் நிறையப்போகிற சமயம், மழை தொடங்கிய வாரத்தில், அவள் அம்மா படியிறங்கி என் அறைக்கு வந்தாள். நான் வேலை முடிந்து வந்து வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, நீங்க எனக்கு ஒரு ஏர்போர்ட் கட்டித் தரணும்."

"ஏன் தங்கச்சி, இருக்கிற ஏர்போர்ட் பத்தலையா?"

"இருக்கிறத நமக்காகவா கட்டினாங்க? நான் உள்ள போய் போர்வை துவைக்கிறேன், நீங்க உள்ள போய்க் கோடு போடுறீங்க. என்னைக்காவது ஏறிப் போயிருக்கமா?" கடைசிப் படியில் உட்கார்ந்தாள். "வருசம் முடியுற அன்னைக்கு அவ பிளேனையெல்லாம் தொழிலாளர் ஓய்வறையில வைக்கலாம்னு கேட்டிருக்காங்க. ஒரு பீரோ தர்றாங்களாம். தட்டுல அடுக்கி வைக்க அதென்ன டம்ளரா? தரையில நிக்கணும் அண்ணே. அவ வேலை பாத்த தரை மாதிரி ஒண்ணு பண்ணி, அது மேல நிக்கணும்."

எனக்கும் அவர்களுக்கும் ரத்த உறவு கிடையாது. பதினோரு வருடமாக அவர்கள் மேலே, நான் கீழே. அவள் என்னை அண்ணன் என்பாள். அந்தக் கணக்கில் அவள் புருசன் என்னை மச்சான் என்பார். அந்தப் பெண் மாமா என்பாள். என் தொழில் விமான நிலையத்தின் தார்த் தரையில் கோடு போடுவது. மஞ்சள் கோடு சக்கரத்துக்கு, சிவப்புக் கோடு மனுசருக்கு. பத்தொன்பது வருடமாக அதே வேலை.

கொக்குக்கு அங்கே சக்கரக்கட்டை வைக்கிற வேலை. விமானம் வந்து நின்று, இறக்கையில் இருக்கிற விசிறி சுற்றி அடங்கும்வரை சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். அடங்கினதும் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையைச் செருக வேண்டும். ஐந்து வருடம் செய்தாள். ஒரு சாயங்காலம், விசிறி அடங்கவில்லை, அவள் கோட்டைத் தாண்டி நின்றிருந்தாள் என்றார்கள்.

விசாரணைக் காகிதம் வந்தபோது அதைப் படித்துக் காட்டியது நான்தான். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன் நான், எனக்கு ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆகும். அவர்கள் இருவரும் நன்றாகவே படிப்பார்கள். ஆனால் அன்று அந்தக் காகிதத்தைக் கையில் பிடிக்க இருவராலும் முடியவில்லை. "பணியாளர் தமது கவனக்குறைவால், நிற்க வேண்டிய சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பத்தடி முன்னால் நின்றதே விபத்துக்குக் காரணம்." எழுத்துக் கூட்டிக் கூட்டி நான் படித்ததில் அந்த வரி ரொம்ப நீளமாகிவிட்டது.

அவள் அப்பா விமான இருக்கைகளுக்கு உறை தைக்கிறவர். வேலை வீட்டில்தான். நூலை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்து, "ஒரு கோடு. ஒரு கோடு பாத்து நிக்கத் தெரியல" என்றார். அன்று தொடங்கியது. சோற்றில் கை வைக்கும்போது சொல்வார். ஊசி கோர்க்கும்போது சொல்வார். "இருபத்தாறு வருசம் வளத்தேன். என் தையல்ல ஒரு நூல் விலகி யாராச்சும் பாத்திருக்கானா? எனக்குப் பொறந்தது கோடு பாத்து நிக்கல. கழுத." தையல் மெஷினைத் திருப்பிப் போட்டு, அலமாரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார்.

"அவர் ஒருதரமாவது அவள நல்லபடியா நினைக்கணும் அண்ணே," என்றாள் அவள். "செத்த பிள்ளைய வருசம் பூராத் திட்டுற வீட்டுல எப்படி இருக்கறது? அவ நின்ன இடத்தக் கண்ணால பாத்தா மனசு இளகும். அதுக்குத்தான் கேக்குறேன்."

செய்து தருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தச் சிவப்புக் கோடு நான் போட்டதுதான். அது அவர்களுக்கும் தெரியும். கோடு சரியாகத்தான் இருந்தது. அதற்கு மேல் ஒன்று இருந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. தனியாக இருக்கும்போது எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

மழையில் கோடு போட முடியாது. பாதி நாள் எங்கள் கூட்டத்தை மத்தியானமே அனுப்பிவிடுவார்கள். அதனால் எனக்கு மத்தியானங்கள் கிடைத்தன. மேலே போனேன். முதல் நாள் அளவெடுப்பதிலேயே போயிற்று.

"எழுபத்திரண்டு மடங்கு சின்னதுன்னு அவ சொல்வா," என்று ஒரு காலிப் பெட்டியைக் காட்டினாள் அம்மா. பெட்டியின் மேலும் அப்படித்தான் போட்டிருந்தது. அதன் முதுகிலேயே பென்சிலால் கணக்குப் போட்டேன். ஓடுதளம் இரண்டு கிலோமீட்டர். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

"தங்கச்சி, ஓடுதளம் மட்டும் தொண்ணூறு அடி வருது."

"தொண்ணூறு அடியா! இந்த அறையே பத்தடிதானே?"

"ஜன்னல் வழியா வெளிய போயி, ரொட்டிக்கடையத் தாண்டி, சைக்கிள் கடை ஷட்டர்ல போய் முட்டும்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பாமலே சொன்னார்: "அவன் விடுவானா? இறங்குற ஒவ்வொரு பிளேனையும் நிறுத்தி, டயருக்குக் காத்து கம்மியா இருக்குன்னு பம்ப எடுத்துட்டு வந்துருவான்."

அவளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வீட்டில் ஒரு வருடத்தில் முதல் கேலி அது. நாங்கள் சிரித்தால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று சிரிக்கவில்லை.

"கொஞ்சம் சுருக்கிப் போட்டா என்ன அண்ணே?"

"சுருக்கினா பிளேன் பெரிசாவும் தரை சின்னதாவும் தெரியும். ஓடுதளமே வேணாம். ஒரு மூலை போதும். பிளேன் வந்து நிக்கிற ஒரு நிறுத்தம், அது பக்கத்துல கொஞ்சம் புல்லு. நாலடிக்கு மூணடிப் பலகையில அடங்கிடும்."

"மத்த பிளேனெல்லாம்?"

"முறை வச்சு வந்து நிக்கட்டும். நிஜத்துலயும் அப்படித்தானே?"

"அப்ப ஏழாம் நிறுத்தத்தப் பண்ணுங்க," என்றாள்.

மெஷின் நின்றது. "ஏன், அவ்வளவு பெரிய இடத்துல வேற நம்பரே கிடைக்கலையா?"

"அவ நின்ன இடம் அதுதான்."

"நின்ன இடம் இல்ல. நிக்கக் கூடாத இடம்." மறுபடி மெஷின் ஓடத் தொடங்கியது. முன்னைவிட வேகமாக ஓடியது.

பழைய அலமாரிக் கதவு ஒன்று மொட்டைமாடியில் கிடந்தது. அறுத்துக் கொண்டுவந்து ஜன்னலோரம் இரண்டு முக்காலிகளின் மேல் போட்டேன். தார்த் தரைக்கு என்ன செய்வது என்று யோசித்ததில், கார்ப் பட்டறைக்காரர்கள் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற கறுப்பு உப்புத்தாள் ஞாபகம் வந்தது. விரலால் தடவினால் அப்படியே தார்த் தரை. தாள் தாளாக வெட்டி ஒட்டினேன். சில இடத்தில் பொருத்து தெரிந்தது.

வேலைக்கு நடுவே அவர் எழுந்து வந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன மச்சான், பிச்சக்காரன் சட்டை மாதிரி ஒட்டுப் போட்டிருக்கீங்க?"

"ஏர்போர்ட்டும் அப்படித்தான் மச்சான். தூரத்துல இருந்து பாத்தாத்தான் வழவழன்னு இருக்கும். கிட்டப் போனா பூரா ஒட்டு. அந்த ஒட்டு மேல கோடு போடுறதுலதான் என் முதுகு போச்சு."

"அப்ப சரி," என்று போய் உட்கார்ந்துகொண்டார்.

புது உப்புத்தாள் ரொம்பக் கறுப்பு. பழைய தார் வெயிலில் வெளிறிப்போயிருக்கும். அடுப்புச் சாம்பலைத் துணியில் கட்டித் தட்டித் தட்டி வெளிற வைத்தோம். எண்ணெய்க் கறைக்கு அவள் டீத்தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி ஈர்க்குச்சியால் சொட்டு வைத்தாள். "குடிக்கிறதுக்கு டீ கேட்டா பால் இல்லைங்கற, பிளேன் ஒழுகினதுக்கு மட்டும் டீ இருக்கு," என்றார் அவர். புல்லுக்கு மரத்தூளில் பச்சை கலந்து வெயில் இல்லாததால் அடுப்பின் பக்கத்தில் உலர்த்தினோம். இரண்டு நாள் வீடு பூரா ஈர மரத்தின் வாசனை. சோற்றில்கூட ஒரு பச்சைத் தூள் கிடந்தது.

காற்றுப் பை ஒன்று வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விமானத்துக்குக் காட்டுகிற, கம்பத்தில் கட்டின துணிக் குழாய். நான் ஒரு துணியைச் சுருட்டி ஊக்கு குத்தினேன். அவர் அதைப் பார்த்தார். போனார், வந்தார். மறுபடி பார்த்தார்.

"இது என்ன, கோழி கழுத்தா?" பிடுங்கிக்கொண்டு போனார். ஆரஞ்சு லைனிங் துணியில் அரை விரல் நீளத்துக்கு, வாய் அகலமாகவும் வால் சிறுத்தும், தையலே தெரியாமல் தைத்துக்கொண்டு வந்து ஊசியில் மாட்டி அவரே பலகையில் குத்தினார். ஊதிப் பார்த்தார். ஆடியது. மறுபடி ஊதினார்.

அன்று அவர் மெஷினைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருந்ததை அவள் எனக்குக் கண்ணால் காட்டினாள். அலமாரிக்கு முழு முதுகு இல்லை, பக்கவாட்டு முதுகு. அன்று முழுக்க ஒரு தடவைகூடத் திட்டவில்லை. நானும் சந்தோசப்பட்டேன். அப்படிச் சந்தோசப்பட எனக்கு என்ன பாத்தியதை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கோடு போடுகிற வேலையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அன்று மத்தியானம் அவள் விமான நிலையச் சலவைக்கூடத்தில் இருந்தாள். அவர் தைத்த உறைகளைக் கொடுத்துவரப் போயிருந்தார். டேப்பைப் பிளேடால் நூல் அளவுக்குக் கீறி ஒட்டி, மஞ்சளை முதலில் போட்டேன். மூக்குச் சக்கரம் வளைந்து வருகிற கோடு. நன்றாக வந்தது. பிறகு சிவப்பு. டேப் ஒட்டினேன், தூரிகையை ஓட்டினேன், டேப்பை உரித்தேன். உரித்த பிறகுதான் பார்த்தேன்.

ரெண்டரை விரல் முன்னால் போட்டிருந்தேன். எழுபத்திரண்டால் பெருக்கினால் பத்தடி.

பதினெட்டு வருடம் அந்தக் கோடு அங்கேதான் இருந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை அதன் மேல் நான் புதுச் சிவப்பு ஓட்டியிருக்கிறேன். கை தானாக அங்கே போய்விட்டது.

துடைக்கப் பார்த்தேன். உப்புத்தாளின் சொரசொரப்பில் இறங்கின வண்ணம் துடைத்தால் போகாது. தாரிலும் போகாது. பிறகு நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. நான் எதையும் யோசிக்கவில்லை. கறுப்பை எடுத்து அந்தச் சிவப்பின் மேல் அடித்தேன். உலர்ந்ததும் இன்னொரு தடவை அடித்தேன். சாம்பல் தட்டினேன். பிறகு ரெண்டரை விரல் பின்னால், இருக்கவேண்டிய இடத்தில், சரியான சிவப்பைப் போட்டேன். தள்ளி நின்று பார்த்தால் ஒரே கோடு. வேலை சுத்தமாக வந்திருந்தது.

சாயங்காலம் இருவரும் வந்துவிட்டார்கள். மழை அப்போதுதான் விட்டது. அவள் வேலை முடிந்து வருகிற வழியில் பன் வாங்கி வந்திருந்தாள். மூன்று பேரும் நின்றுகொண்டே தின்றோம். அவரே அலமாரியைத் திறந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு திறக்கிறார், கதவு இறுகியிருந்தது. முழங்கை நீள விமானத்தை, இரண்டு விசிறி வைத்ததை, பிறந்த குழந்தையை எடுக்கிற மாதிரி அடியில் கைகொடுத்து எடுத்தார்.

"இருங்க, நூலும் தூளுமா கிடக்கு," என்று அவள் ஈரத் துணியால் பலகையைத் துடைத்தாள். மேகத்துக்குக் கீழே வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாகப் பலகை மேல் விழுந்தது.

"அண்ணே, இதென்ன, ரெண்டு கோடு தெரியுது?"

பன் என் வாயில் நின்றுவிட்டது.

அவர் விமானத்தை மெஷின் மேல் வைத்துவிட்டு வந்தார். தையல் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் செய்வது போல் குந்தி உட்கார்ந்து, கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமா. ரெண்டு. எது சிவப்பு?"

"பின்னால இருக்கிறது," என்றேன்.

"தெரியலையே. ரெண்டும் வெள்ளையால்ல மினுங்குது." எழுந்து நின்று பார்த்தார். மறுபடி குந்தினார். "நின்னு பாத்தா ஒண்ணு. கண்ணுல வெயில் அடிச்சா ரெண்டு. முன்னால இருக்கிறது என்ன மச்சான்?"

"கை தவறிப் பழைய கோட்டப் போட்டுட்டேன். மேல கறுப்பு அடிச்சேன்."

"பழைய கோடுன்னா?"

நான் பன்னைக் கீழே வைத்தேன். அவள் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மச்சான், அங்க பழைய கோடுன்னு ஒண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சு. பெரிய பிளேன் வரப்போகுதுன்னு பத்தடி பின்னால தள்ளிப் போடச் சொன்னாங்க. அவ போறதுக்கு மூணு வாரம் முன்ன. அன்னைக்கு வந்தது அந்தப் பெரிய பிளேன்தான்."

"பழச என்ன பண்ணீங்க?"

"சுரண்டி எடுக்கணும். அதான் முறை. சுரண்டுற மெஷின் பழுதாக் கிடந்துச்சு. இப்பக் கறுப்பு அடிச்சு விடு, அடுத்த மாசம் சுரண்டிக்கலாம்னார் சூப்பர்வைசர்."

"அடிச்சீங்க."

"ரெண்டு தடவ அடிச்சேன்."

"அன்னைக்கு அஞ்சே கால்," என்றாள் அவள். யாரையும் பார்க்காமல் சொன்னாள். "மழை விட்டு வெயில் வந்துச்சு. நான் சலவைக்கூடத்துப் பின்வாசல்ல போர்வை எடுத்துட்டு நின்னேன். தரையப் பாக்க முடியல, அப்படிக் கண்ணு கூசிச்சு."

"விசாரணைக்கு வந்தாங்களே?" அவர் இன்னும் குந்தியபடிதான் இருந்தார்.

"உச்சி வெயில்ல வந்தாங்க. தரை காஞ்சு கிடந்துச்சு. ஒரே கோடுதான் தெரிஞ்சுது. அதத்தான் படம் எடுத்தாங்க."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான். உருளைத் தூரிகையப் பிடிச்சுட்டு நின்னேன்."

"உங்கள யாரும் கேக்கலையா?"

"கேக்கல."

"கேக்கல. சரி. நீங்களும் சொல்லல."

"பத்து நாள் கழிச்சு சுரண்டுற மெஷின் வந்துச்சு. அத ஓட்டினதும் நான்தான்."

தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். அவர் சுட்டுவிரலை அந்த முன்கோட்டின் பின்னால் வைத்தார்.

"அப்ப அவ கோட்டுக்குப் பின்னாலதான் நின்னா."

"ஆமா."

"சரியாத்தான் நின்னாளா?"

"சரியாத்தான் நின்னா. அஞ்சு வருசமா அவ காலுக்குப் பழக்கமான கோடு. ஈரத்துல ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சிருக்கும்."

"சரியாத்தான் நின்னாளா?" என்று மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் சொன்னேன். அவர் எழுந்துபோய் மெஷின் முன்னால் உட்கார்ந்து மிதியில் காலை வைத்தார். மிதிக்கவில்லை.

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு என் பக்கம் வந்தாள்.

"ஒரு வருசமா மேல வந்து டீ குடிச்சீங்களே அண்ணே," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் படியிறங்கினேன்.

மறுநாள் வேலை தொடங்குமுன் அலுவலகத்துக்குப் போனேன். இருந்ததைச் சொன்னேன். அப்படி உத்தரவு கொடுத்த ஞாபகமே இல்லை என்றார் சூப்பர்வைசர். கோடு இப்போது அங்கே இல்லையே, எதை வைத்து நம்புவது என்றார் இன்னொருவர். எழுதிக் கொடு என்றார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதினேன், மத்தியானம் ஆகிவிட்டது. கோப்பில் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். இன்றுவரை விசாரணைக் காகிதத்தில் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. என்னைக் கோட்டு வேலையிலிருந்து எடுத்து ஓரத்தில் புல் வெட்டப் போட்டார்கள். ஓய்வறை பீரோ பேச்சும் அதோடு நின்றுபோயிற்று.

மேலே மெஷின் ஓடுகிற சத்தம் என் கூரையில் கேட்கும். முன்பெல்லாம் சத்தத்துக்கு நடுவில் அவர் திட்டுவதும் கேட்கும். இப்போது மெஷின் மட்டும் கேட்டது. வருடம் நிறைந்த நாளில் அதுவும் கேட்கவில்லை. படியில் எதிரே வந்தால் அவள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, அவர் வந்து என் வாசலில் நின்றார். நான் சட்டியில் முட்டை அடித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றார். மச்சான் என்று சொல்லவில்லை.

"கேளுங்க."

"ஒரு வருசம் அவளத் திட்டினேன். சோறு திங்கும்போது திட்டினேன். ராத்திரி தூக்கத்துல திட்டினேன்னு அவ அம்மா சொல்றா. செத்த அன்னைக்கு அழுதேன், காகிதம் வந்த அப்புறம் அழவே இல்ல. திட்டினேன். கழுதன்னேன். அவ படத்தக் கழட்டி டிரங்குப் பெட்டியில போட்டேன்." கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அதையெல்லாம் நான் இப்ப எங்க போய்த் திருப்பி வாங்குறது? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்க அந்த வரியப் படிச்ச அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பிள்ளை திரும்பி வந்திருக்க மாட்டா. அது எனக்குத் தெரியும். ஆனா இந்த ஒரு வருசம் எனக்கு இருந்திருக்கும்."

"ஆமா," என்றேன்.

"வேல போயிரும்னு பயமா?"

"அந்தப் பயமும் இருந்துச்சு. உங்க முகத்தப் பாக்கற பயம் அதவிடப் பெரிசா இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். மன்னித்ததற்கு அல்ல, விளங்கினதற்கு. பிறகு உள்ளங்கையைத் திறந்தார். ஒரு குண்டூசியின் மேல் நூல் சுற்றி ஒரு ஆள் செய்திருந்தார். ஒரு அங்குலம் இருக்கும். கருநீல நூலில் கால்சட்டை, ஆரஞ்சு நூலில் மேல்சட்டை, கறுப்பு நூலில் முடிந்த கூந்தல். கால் மட்டும் அளவுக்கு மிஞ்சி நீளம்.

"மேல வாங்க. எங்க நிறுத்துறதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல. நாலு நாளாப் பேச்சு வார்த்தை இல்ல."

போனேன். அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். பலகையில் மஞ்சள் கோட்டின் முனையில் அந்த இரண்டு விசிறி விமானம் நின்றது. சாம்பல் நிற வெளிச்சத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடுதான் தெரிந்தது.

"பின்னால நிக்கட்டும்," என்றாள் அவள். என்னிடமா அவரிடமா என்று தெரியவில்லை. "சிவப்புக்குப் பின்னால. பத்தடி தள்ளி. அங்க நின்னிருந்தா இப்ப இந்நேரம் சாப்பிட்டுட்டு இங்க படுத்திருப்பா."

"அங்க நிறுத்தினா என்ன அர்த்தம்?" என்றார் அவர். "அவ நின்னது தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்டதா ஆகும். அந்தக் காகிதத்துல இருக்கிறதுதான் சரின்னு ஆகும். அவ தப்பா நிக்கல. நின்ன இடத்துலதான் நிக்கணும்."

"நின்ன இடத்துல நிறுத்திட்டு? தினமும் காலையில எந்திரிச்சு, பிளேன் அவ தலைக்கு மேல வர்றத நான் பாக்கணுமா?"

"அதுக்குன்னு பிள்ளையத் தப்புக்காரியா ஆக்குவியா?"

"நீங்க ஆக்காததா? ஒரு வருசமா ஆக்கினீங்களே!"

 நூல் ஆளின் ஊசி முனை அவர் விரலைக் குத்தியிருந்தது. அவர் கவனிக்கவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தரை எனக்குத்தான் தெரியும் என்பதால் என்னைப் பார்த்தார்கள். 

"நிஜமா நின்ன இடம் எது, காட்டுங்க," என்றாள் அவள்.

சாம்பலுக்கு அடியில் இருந்த கறுப்பை விரலால் தடவிக் கண்டுபிடித்தேன். அங்கே கொஞ்சம் வழவழப்பு இருக்கும். அதற்கு நூலளவு பின்னால் விரலை வைத்தேன். விமானத்தின் விசிறி என் நகத்தில் இடித்தது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் விமானத்தைத் தூக்கினாள். இறக்கை ஜன்னல் கம்பியில் படாமல் திருப்பி, கொண்டுபோய் அலமாரியில் மற்ற இருபதுக்கும் நடுவில் வைத்து, கதவைச் சாத்தினாள்.

"இப்ப நிறுத்துங்க," என்றாள். "அவ அங்கயே நிக்கட்டும். எதுவும் வர வேணாம்."

அவர் நூல் ஆளை என்னிடம் நீட்டினார். "நான் மட்டம் பாக்குறேன். நீங்க ஒட்டுங்க."

ஊசி முனையில் பசை தொட்டு, உப்புத்தாளில் குத்தி, நேராக நிற்கிறாளா என்று அவரைப் பார்த்தேன். அவர் குந்தி உட்கார்ந்து கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். "கொஞ்சம் இடப்பக்கம்," என்றார். "ம். போதும்." அந்தப் பசை பிடிக்க ஐந்து நிமிடம் ஆகும். நான் இரண்டு விரலால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அவர்களும் நின்றார்கள்.